ஆடி மாசக் கையுறை

ஆடி மாதத்தில் உட்கார்ந்துகொண்டு பனிமலை ஊருக்குக் கையுறை தைப்பதென்றால், அது தாம்பரத்துக்காரர்களால்தான் முடியும். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி ஏற்றுமதி ஸோனுக்குள் போனால், பின்வரிசையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நீளக் கட்டடம் ஒன்று இருந்தது. வெளியே போட்டிருந்த இங்கிலீஷ் பெயரை யாரும் படித்ததில்லை. ஊருக்கே அது கிளவுஸ் கம்பெனி. மேலே விசிறிகள் சுற்றும். சுற்றிச் சுற்றி அதே அனலைத்தான் ஆளாளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும்.

வெளியே வெள்ளை நைலான், நடுவில் தண்ணீர் புகாத துணி, உள்ளே ஆட்டுமயிர் மாதிரி மெத்தென்று ஒரு துணி. இப்படி மூன்று அடுக்கு. அதைக் கையில் மாட்டிப் பார்த்தவர்கள் உடனே கழற்றிவிட்டு ஓடிப்போய்க் குழாயில் கையைக் கழுவிக்கொள்வார்கள். அந்த வருஷம் வந்திருந்த ஆர்டர் முழுக்கச் சின்னப்பிள்ளைகளின் அளவு. வெளிநாட்டில் ஏதோ மலையடிவார ஊரில், காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு பனியில் வழுக்கிப் போகச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அதன் பிள்ளைகளுக்கு.

அந்த ஊர் டர்னிங் செக்ஷன் சுவரில் கேலண்டராகத் தொங்கியது. ஆர்டர் கொடுத்தவர்களே அனுப்பிய கேலண்டர். ஊர்ப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அதற்குக் கேலண்டர் ஊர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சரிந்த கூரைகள் எல்லாவற்றின் மேலும் இட்லி மாவை ஊற்றிவிட்ட மாதிரி பனி. மலை உச்சிவரை கம்பி கட்டி, அந்தக் கம்பியில் நாற்காலி தொங்கவிட்டு, அதில் மனுஷர்கள் உட்கார்ந்து மேலே போவார்கள். ஒரு படத்தில், மீசைக்கார வாத்தியார் ஒருவர் பின்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தன. சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பேச்சு அங்கேதான் போகும்.

"அவ்ளோ உயரத்துல நாற்காலில தொங்கிகினு போறானே, கரண்டு கட்டாச்சுன்னா இன்னா பண்ணுவான்?" என்பாள் அஞ்சம்மாள்.

"அங்கெல்லாம் கட்டாவாதுக்கா."

"அட, ஒருநாளு ஆவாதா? பாதில நின்னுச்சுன்னா வெரச்சிப் பூடுவான். எனுக்கு அவன நெனச்சாத்தான் பேஜாரா கீது."

"பனியும் வெள்ள, கிளவுஸும் வெள்ள. புள்ள ஒரு கிளவுஸத் தொலைச்சா அத்த யாரு தேடி எடுக்கறது?"

"தொலைச்சாத்தான நமுக்கு அடுத்த வருசம் ஆர்டரு. வாயக் கழுவு."

இந்தக் கூட்டத்துக்குச் சூப்பர்வைசர் காந்திமதி. முப்பத்தைந்தைத் தொட்ட, குரல் கணீரென்று இருக்கும் பெண்பிள்ளை. கடப்பேரியில் வீடு. அவளும் குச்சி பிடித்து மேலே வந்தவள்தான். டர்னிங் என்பது வேறொன்றுமில்லை. கையுறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி வைத்துத் தைப்பார்கள். தைத்து முடிந்ததும் ஒவ்வொரு விரலாகக் குச்சியால் குத்தி நேர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பெரிய அளவுக்கு மெஷின் உண்டு. பிள்ளைகள் அளவுக்கு மெஷின் ஒத்துவராது, விரல் கிழிந்துவிடும். அதனால் பெண்கள் கையுறையை மார்போடு அணைத்துப் பிடித்து, குச்சியை விட்டு, பிடிவாதக் குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோலச் சொல்லிச் சொல்லி இழுப்பார்கள். வெள்ளைத் துணி என்பதால் பூ கூடாது, மருதாணி கூடாது, தலைக்கு எண்ணெய் வழிய வரக்கூடாது, மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வரக்கூடாது என்று கம்பெனியில் சட்டம். எல்லோரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஆடிப்பெருக்கு வந்து கெடுத்தது.

அந்த வருஷம், தொண்ணூற்றேழில், ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காந்திமதி வீட்டில் விசேஷம் கொஞ்சம் கூடுதல். அவள் புருஷன் துரைராஜின் தங்கை, டர்னிங்கிலேயே வேலை செய்யும் எல்லம்மாவுக்கு, ஆனியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடிக்கு அண்ணன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சிட்டிபாபு மறைமலை நகரில் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. ஆடி முடிகிறவரைக்கும் பெண்டாட்டியைப் பார்க்கக்கூடாதென்று சொல்லிவைத்திருந்ததால், பையன் ரயிலில் சானடோரியத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிக்கொண்டே போனான்.

காவிரி எங்கே, கடப்பேரி எங்கே. குழாயடியில் குடத்தை நிறுத்தி, கற்பூரம் காட்டி, அதையே ஆறாகக் கும்பிட்டார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் பழைய தாலிக்கயிற்றை எடுத்துவிட்டுப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். எல்லம்மாவுக்குத் தாலி பிரித்துக் கோர்த்த நாள் என்பதால் அவள் கயிறு விரல் தடிமனில் இருந்தது. காந்திமதியும் மாற்றிக்கொண்டாள். அவளிடம் தங்கச் சரடு இருந்தது ஒரு காலத்தில். குரோம்பேட்டைப் பக்கம் துரைராஜ் வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பைப் போன வருஷம் மூடினார்கள். சரடு அடகுக்கடைக்குப் போயிற்று, கழுத்துக்குக் கயிறு வந்தது. டர்னிங்கில் பாதிப்பேர் கதை இதுதான். தங்கம் இருந்தவர்கள் செக்கிங்கிலும் ஆபீஸிலும் இருந்தார்கள்.

துரைராஜ் அன்றைக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம் அவனே கிளறினான். வேலை போனதிலிருந்து சமையல் அவன் கையில்தான். நன்றாகவே சமைப்பான். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் மீன்காரியிடம் நெத்திலி வாங்கி அவன் வைக்கும் குழம்புக்கு எல்லம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவாள். ஆனால் அடுப்பைப் பற்றவைக்குமுன் தெருக்கதவைச் சாத்திவிடுவான். அடுக்களையில் அவன் நிற்பதை யாரும் பார்த்துவிடக்கூடாது. காந்திமதி வேலை செய்யும் ஸோன் பக்கம் ஒருநாளும் தலைவைத்துப் படுத்ததில்லை. மழை கொட்டினாலும் குடை கொண்டுவந்து கொடுக்கமாட்டான். ஸ்டேஷனுக்குப் போவதென்றால்கூட அந்தக் கேட்டுக்கு எதிர்ப்பக்கமாகவே நடப்பான். காந்திமதி இதைக் கவனிக்காதவள் மாதிரி இருந்தாள். மனதுக்குள் வலிக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை வெயில் தாண்டவம் ஆடியது. கரண்டு வேறு போய்ப் போய் வந்தது. டர்னிங் பெண்கள் தொப்பலாக நனைந்து குச்சி குத்தினார்கள். செவ்வாய் காலையில் பேக்கிங் செக்ஷன் கிருபா ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"காந்திக்கா, இதப் பாருங்க. எல்லாத்துலயும் ஏதோ கறை."

வெள்ளைக் கையுறைகளின் மணிக்கட்டுப் பக்கம் மங்கலாக, கோணல்மாணலாக, ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி மஞ்சள். ஒரு கூடையில்லை, நேற்றுத் திருப்பியது பூராவும் அப்படி. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு. காந்திமதி மேனேஜருக்கு ஆளனுப்பினாள்.

மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் வந்தார். நெட்டையான மனுஷர். கோபம் வந்தால் கத்தமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கையுறை ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"மஞ்சளாச்சேம்மா இது! எங்காத்துல வேஷ்டில பட்டா சோப்பே போடமாட்டா. சோப்புப் பட்டா செக்கச்செவேல்னு ஆயிடும். அப்படியே வெயில்ல காயப்போடுவா. எல்லாத்தையும் மாடிக்குக் கொண்டுபோங்கோ."

எல்லோர் வீட்டிலும் தெரிந்த சங்கதிதான். மொட்டைமாடியில் பாயை விரித்து, கேலண்டர் ஊர்ப் பிள்ளைகளின் கைகளை வரிசையாக வெயிலில் கிடத்தினார்கள். அப்பளம் காயவைத்த மாதிரி பார்த்துப் பார்த்துப் புரட்டிப் போட்டார்கள். செவ்வாயும் புதனும் காய்ந்ததில் மஞ்சள் வெளிறி, பிறகு இருந்த இடமே தெரியாமல் போயிற்று. சரக்கு பிழைத்தது. அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் மேனேஜர் காந்திமதியைக் கேபினுக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்கோம்மா. இந்த மஞ்சள் எங்கேர்ந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சேளா?"

காந்திமதி கண்டுபிடித்துவிட்டாள். கையுறையை மார்போடு அணைத்தால் எது படும் என்று அவளுக்குத் தெரியாதா? வியர்வையில் ஊறிய புதுக்கயிறு. ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாலும் ரவிக்கையே மஞ்சளாகி ஒட்டிக்கொண்டது. எல்லாரையும்விட அதிகக் கறை எல்லம்மா கூடையில். அவள் கயிறுதான் எல்லாவற்றிலும் தடிமன்.

"கயிறு சார். ஆடிப்பெருக்குக்கு மாத்துனது. எல்லாருமே மாத்தினோம், நானுந்தான்."

"அதான் நானும் நினைச்சேன். பேசாம எல்லாரும் செயின்ல கோத்துக்கச் சொல்லுங்கோளேன். எங்காத்து மாமி அப்படித்தான் போட்டுண்டிருக்கா."

"செயின் இருந்தா போட்டுக்கினு வந்திருக்க மாட்டமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்ல வந்ததை விடவில்லை.

"எனக்கும் மேல ஆள் இருக்காம்மா. பாம்பேல்லேர்ந்து போன் மேல போன். இந்தத் தடவை தப்பிச்சோம், அடுத்த தடவை மழை புடிச்சுண்டா வெயிலுக்கு எங்கே போறது? இந்த வாரம் படற கறையை வெயில் பாத்துக்கட்டும். திங்கட்கிழமையிலேர்ந்து டர்னிங்ல கயிறோட யாரும் இருக்கப்படாது. வேலைக்கு வரச்சே அவிழ்த்து வச்சுட்டு, போறச்சே போட்டுக்கட்டும். முடியாதுன்னா கல்யாணமாகாத பொண்களா எடுத்துண்டு வான்னு உத்தரவு. இல்லேன்னா கிறிஸ்டியன்ஸ்."

கதவோரம் ரிப்போர்ட் கொடுக்க நின்றிருந்த கிருபாவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், எங்களுக்கும் தாலிதான் சார். எங்க சர்ச்சு பங்குல எல்லாரும் மஞ்சக்கயித்துலதான் கட்டுவாங்க. தாலியில புறா இருக்கும், அவ்ளோதான்."

மேனேஜர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "திங்கட்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே எல்லம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். துரைராஜ் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு வெளியே வந்தான்.

"இன்னாம்மே, இன்னா ஆச்சு?"

காந்திமதி சொன்னாள். துரைராஜின் முகம் கறுத்தது.

"என் தங்கச்சி தாலிய அவுக்கச் சொல்றானா? கட்டி முழுசா ரெண்டு மாசம் ஆவல. நாளிக்கே நிறுத்து. நீயும் போவாத."

"போவலன்னா அடுப்புல கீற கொழம்புக்கு அடுத்த வாரம் இன்னா போடுவ? நான் சொல்றன்னு கோச்சிக்காதய்யா. ரெண்டு கூலிலதான் இந்த வூடு நிக்குது. எல்லம்மா மாமியாரும் வேலைக்குப் போற பொண்ணுன்னுதான் கட்டிக்கினாங்க."

"அதுக்கு? கழுத்துல கீறத அவுத்து ஆணில மாட்டிட்டு வேலை செய்வியா?"

"செய்ய மாட்டன்."

"வேலயும் வோணும், அவுக்கவும் மாட்ட. அது எப்டி?"

அது எப்படி என்று காந்திமதிக்கும் அப்போது தெரியவில்லை. எல்லம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணி, கட்டுனவரக் கேக்காம நானா எப்டி அவுக்கறது? அவரு இன்னா நெனப்பாரு? மாமியாரு என்ன வூட்டுக்குள்ளயே சேக்காது."

காந்திமதி செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததைத் துரைராஜ் பார்த்தான். இந்த முகத்தைப் பார்த்தால் அவனுக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

"அதான் சரி. கட்டுனவந்தான் அவுக்கணும்."

"இன்னாமே சொல்ற?"

"திங்கக்கெழம எல்லா ஆம்பளைங்களும் கேட்டாண்ட வரட்டும். ஸோன் கேட்டுல, காலைல, ஷிப்டு நேரத்துல. கட்டுனவங்க வந்து மேனேஜரு முன்னாடி அவுத்துக் குடுக்கட்டும். அவுக்கச் சொல்ற வாய் எத்தினி பெரிசுன்னு அப்ப பாக்கலாம்."

துரைராஜ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நானுமா?"

"நான் சூப்பர்வைசரு. மொதல்ல என் கழுத்துதான. நீதான் மொதல்ல வரணும்."

"அந்தக் கேட்டுக்கு நான் வரமாட்டன்."

"இன்னாத்துக்கு?"

"உனுக்குத் தெரியாதா? ஷாப்புல கூட வேல செஞ்சவனுங்க பாதிப்பேரு அந்த டீக்கடைலதான் நிக்கறானுங்க. பொண்டாட்டி போடற சோத்தத் துன்னுட்டு இப்ப பொண்டாட்டி வேலைக்குக் கெஞ்ச வந்துட்டான்னு சொல்வானுங்க. வேற இன்னா வேணா கேளு காந்தி. அங்க வந்து நிக்கச் சொல்லாத."

கோபம் பொங்கியது காந்திமதிக்கு. சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சோறு போடுகிறவன் அவன்தானே, சம்பாதிப்பதில்தானே வித்தியாசம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவன் இனிமேல் அடுப்பையும் தொடமாட்டான் என்று பட்டது. குழம்பு மட்டும் அன்றைக்கும் அமிர்தமாக இருந்தது. அது வேறு எரிச்சலாக வந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், நீங்க சொன்னபடியே செஞ்சிடறோம். ஆனா கட்டுனவங்கதான் அவுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. திங்கக்கெழம வூட்டுக்காரங்கள கேட்டாண்ட கூட்டியாறோம். நீங்களும் வந்து நின்னீங்கன்னா நல்லா இருக்கும்."

இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாகவே தலையாட்டினார். "பேஷா வரேன்மா. உங்களுக்குப் புரியும்னு எனக்குத் தெரியும்" என்றார். பாவம்.

டர்னிங்கில் விஷயம் பரவியதும் சிரிப்பும் பயமும் கலந்தடித்தன. என் வீட்டுக்காரன் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்றாள் ஒருத்தி. காலையில் ஏது குடி, தைரியமாகக் கூட்டிவா என்றார்கள். நிஜமாகவே அவிழ்க்கச் சொல்லிவிட்டால் என்று இன்னொருத்தி கேட்டபோது மட்டும் எல்லோரும் குச்சியை நிறுத்திவிட்டுக் காந்திமதியைப் பார்த்தார்கள்.

"சொல்ல மாட்டாரு" என்றாள் காந்திமதி.

"சொன்னா?"

"சொன்னா மொத கழுத்து என்னுது. உங்க கிட்ட வரதுக்குள்ள பாத்துக்கறன்."

 சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அவள் சாப்பிடாமல் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கட்டிங் குப்பையில் கிடந்த துண்டுகளில், கையுறையின் நடு அடுக்குக்குப் போடும் தண்ணீர் புகாத துணியாகப் பொறுக்கி ஒட்டுப்போட்டாள். கழுத்திலிருந்து வயிறுவரை மறைக்கிற மாதிரி, பின்னால் நாடா கட்டுகிற மாதிரி ஒரு மார்த்துணி. பனி உள்ளே போகாத துணியில் வியர்வை வெளியே எப்படி வரும்? கிருபா பார்த்துவிட்டாள்.

"அக்கா! சூப்பரா இருக்கே. இதையே சார்கிட்ட காட்டிட்டா முடிஞ்சுதே. ஆம்பளைங்கள எதுக்கு இழுத்துகினு?"

"இன்னிக்குக் காட்டினன்னா, துணியும் கட்டிக்கோ, கயித்தயும் அவுருன்னுவாரு. ரெட்டிப்பு சேப்டின்னு பாம்பேக்குச் சொல்லுவாரு. மொதல்ல கயிறு கழுத்துல இருக்கலாம்னு அவரு வாயால வரட்டும். அப்பால இத்தக் காட்டலாம்."

கிருபா அவளை வாய்பிளந்து பார்த்தாள். மார்த்துணியை மடித்துத் தன் டிபன் பையின் அடியில் தானே வைத்துக்கொண்டாள்.

 திங்கட்கிழமை காந்திமதி எழுந்தபோது துரைராஜைக் காணோம். அடுப்பில் உப்புமா மூடிவைத்திருந்தது. டிபன் பாக்ஸ் கட்டியிருந்தது. ஆள்தான் இல்லை. எல்லம்மா பயந்துபோய்க் கேட்டாள்:

"அண்ணி, அண்ணன் வரலன்னா?"

"வரலன்னா வரல. நட."

நடந்தார்கள்.  காந்திமதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாத்தனார் பார்க்காமல் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். ஊர்ப் பெண்களையெல்லாம் நம்பவைத்துவிட்டு, தன் வீட்டு ஆம்பிளை இல்லாமல் எந்த முகத்தோடு முன்னால் நிற்பது?

கேட்டில் திருவிழாக் கூட்டம். அவளே அவ்வளவு பேரை எதிர்பார்க்கவில்லை. கொத்தனார், பிளாட்பாரத்தில் கொய்யா விற்கிறவர், பல்லாவரம் டிப்போ டிரைவர், ரயில்வே கேங்மேன், நைட் ஷிப்டு முடித்துத் தூங்கி வழிகிற வாட்ச்மேன் என்று புருஷன்மார் குவிந்திருந்தார்கள். சிலர் வெள்ளைவேட்டி. எல்லோருக்கும் முன்னால், வகிடு எடுத்துச் சீவி, பவுடர் போட்டு, சிட்டிபாபு. எல்லம்மாவைப் பார்த்ததும் அவன் முகம் பூரித்ததைப் பார்த்து டர்னிங் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"யோவ் மாப்ள, ஆடில பாக்கக்கூடாதுன்னு தெரியாது?"

"மேனேஜரு சாரே கூப்ட்டு அனுப்பிச்சாருக்கா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றான் பவ்யமாக.

மற்ற கம்பெனி ஆட்களும் உள்ளே போகாமல் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். செக்யூரிட்டி விசிலை ஊதிப் பார்த்துவிட்டு உள்ளே போன் போட்டார். ஸ்ரீநிவாசராகவன் வேகுவேகென்று வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"என்னம்மா இது? இத்தனை பேர்?"

"கட்டுனவங்க சார். நீங்க சரின்னீங்களே."

"அதுக்குன்னு ரோடுலயா?"

"உள்ள வரதுக்கு அவங்களுக்குப் பாஸ் இல்ல சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். சுற்றிலும் கண்கள். பின்வாங்கினால் பாம்பேக்குப் பதில் சொல்ல வேண்டும். குரலை இறுக்கிக்கொண்டார்.

"சரி. சீக்கிரம் ஆகட்டும். யார் முதல்ல?"

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் காந்திமதியைப் பார்த்தார்கள். அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. தனியாக நின்றவளைப் பார்த்து மேனேஜருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"உங்காத்துக்காரர் வரலையாம்மா?"

காந்திமதி பதில் சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

"வந்துகீறன் சார்."

டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து ரோட்டைத் தாண்டி வந்தான் துரைராஜ். எப்போதிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தானோ. காக்கிச் சட்டை போட்டிருந்தான். தோல் ஷாப்புச் சட்டை. கறை போகாமல் பெட்டியடியில் கிடந்ததைத் துவைத்து, இஸ்திரி போட்டு, எல்லாப் பித்தானும் மாட்டியிருந்தான். அவனோடு வேலை செய்த நாலைந்து பேரும் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே பின்னால் வந்தார்கள். அந்தச் சட்டையைக் காந்திமதி காலரிலிருந்து கடைசிப் பித்தான்வரை பார்த்தாள். திட்ட வேண்டும் போல இருந்தது.

துரைராஜ் அவளுக்கு எதிரே வந்து நின்றான். இரண்டு கையையும் உயர்த்தி அவள் கழுத்தருகே கொண்டுபோனான். பெண்கள் கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். கையை அப்படியே நிறுத்தி, மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"சார், இத்தக் கட்டறப்போ கெட்டிமேளம் அடிச்சாங்க. பெரியவங்க அட்சத போட்டு, கட்டுப்பான்னாங்க, கட்டினன். நானா கட்டல. அவுக்கறதும் நானா அவுக்கமாட்டன். நீங்க பெரியவரு. படிச்சவரு. இவுங்க எல்லாரு முன்னாடியும், அவுருப்பான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே அவுத்துடறன்."

கோபமே இல்லை அவன் குரலில். மரியாதையாகத்தான் கேட்டான். கையை மட்டும் இறக்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்ரீநிவாசராகவன் கழற்றின கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். சுமங்கலி கழுத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. அவரும் தாலி கட்டினவர்தானே.

"நான்... அப்படி அர்த்தத்துல சொல்லலைப்பா."

"வேற எப்டி சார் சொன்னீங்க?"

"கையை இறக்குப்பா முதல்ல." கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் உள்ளே போங்கோ. ஷிப்டுக்கு நேரமாச்சு."

காந்திமதி நகரவில்லை. "கயிறோடயா சார்?" என்று கணீரென்று கேட்டாள். கடைசி வரிசைவரை கேட்டது.

"கயிறோடதான்! கயிறோடதான் போங்கோ. கறை பட்டா நான் என்ன செய்வேன்னு மட்டும் யாராவது சொல்லுங்கோ."

கிருபா இதற்காகவே காத்திருந்தவள்போல டிபன் பையிலிருந்து மார்த்துணியை உருவி நீட்டினாள். காந்திமதி அதைத் தலைவழியாக மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, மேனேஜருக்கு முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினாள். அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். நம்முடைய துணி மாதிரி இருக்கிறதே என்றார். நம்ம குப்பைதான் சார், ஆளுக்கு ஒன்று இன்றைக்கே தைத்துவிடலாம் என்றாள் காந்திமதி. எப்போது தைத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது உத்தமம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்கள் கலகலவென்று கேட்டுக்குள் நுழைந்தார்கள். சிட்டிபாபு எல்லம்மா கையில் எதையோ திணித்ததை எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி போனார்கள். கடைசியில் அஞ்சம்மாள் மட்டும் மேனேஜர் எதிரில் நின்றாள். அவளோடு யாரும் வந்திருக்கவில்லை. அவள் புருஷன் கூடுவாஞ்சேரியில் இன்னொருத்தியோடு போய் வருஷக்கணக்காகிறது.

"என்னம்மா, உங்களுக்குத் தனியா சொல்லணுமா?"

"இல்ல சார், என்னுத கட்டுனவன எங்க தேடியும் ஆப்படல. நீங்க ஆளனுப்பித் தேடுவீங்கன்னு நெனச்சன். அவுக்கறானோ இல்லியோ, ஒரு தபா கண்ணுல காட்டியிருக்கலாம். நாலு வார்த்த கேட்டிருப்பன்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். 

காந்திமதி பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். புருஷன்மாரெல்லாம் அவரவர் பிழைப்பைப் பார்க்கக் கலைந்துகொண்டிருந்தார்கள். துரைராஜ் மட்டும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கட்டடத்தை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையை, வரிசையாகப் போகும் பெண்களை, முதல்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். டீ கிளாஸோடு வந்த பழைய சிநேகிதர்களும் கூடவே நின்றார்கள்.

செக்யூரிட்டி கம்பால் தரையைத் தட்டினார். "யோவ், எல்லாம் முடிஞ்சுதில்ல? நவுரு நவுரு. யாருய்யா நீ இன்னும் நின்னுகினு?"

துரைராஜ் காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"டர்னிங் சூப்பர்வைசர் காந்திமதி புருசன்" என்றான்.

டீக்கடைவரை கேட்கிற குரலில் சொன்னான். காந்திமதிக்கும் நன்றாகக் கேட்டது.